பந்தயக் கவசங்களோடு விமானம் ஏறும்போது

சென்னையிலிருந்து மலேசியாவின் செப்பாங் தடத்துக்கோ, கோயம்புத்தூரிலிருந்து கிரேட்டர் நொய்டாவின் புத் பந்தயத் தடத்துக்கோ வண்டி ஓட்டப் போகிறவர், வண்டியை அங்கேயே யாரிடமாவது பேசி ஏற்பாடு செய்துகொள்ளலாம். டயரையும் பெட்ரோலையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். தலைக்குச் சரியாக அமர்ந்த ஹெல்மெட்டையும், பல மாதங்கள் அணிந்து உடம்புக்குப் பழகிப்போன லெதர் சூட்டையும் அப்படி வாங்கிவிட முடியாது. இரவல் ஹெல்மெட் ஒரு விரல் அளவு தளர்வாக இருந்தாலும், விழும் நேரத்தில் அது தலையைக் காக்காது. ஆகவே பயணத்துக்கு மூட்டை கட்டத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எந்தப் பொருள் காணாமல் போனாலோ அடிபட்டாலோ நான் தடத்தில் இறங்க முடியாது? அந்தப் பொருள் என் கையோடு கேபினுக்குள் வர வேண்டும். மற்றவை கீழே சரக்கறையில் போகலாம். நான் இத்தனை ஆண்டுகளாகப் பின்பற்றிவரும் முறை முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான்.

ஹெல்மெட்

ஹெல்மெட்டைச் செக்-இன் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் டெல்லிக்குச் சென்றபோது, கேபினில் இடம் கிடைக்காது என்று பயந்து ஹெல்மெட்டைப் பெரிய பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்தேன். உள்ளே வெற்றிடம் வீணாகிறதே என்று கேமரா பொருத்தும் இரும்புக் கிளாம்பை ஒரு காலுறைக்குள் சுற்றி அந்தக் குழிக்குள் செருகியிருந்தேன். தடத்துக்குப் போய் எடுத்துப் பார்த்தபோது வெளி ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கன்னத்துத் தலையணையைக் கழற்றிவிட்டு விரலால் உட்புறத்தைத் தடவியபோதுதான், வெள்ளைத் தெர்மோகோல் அடுக்கில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பள்ளமும், அதிலிருந்து மயிரிழைபோல் ஓடிய ஒரு விரிசலும் தட்டுப்பட்டன. அன்று நான் ஓட்டவில்லை.

ஹெல்மெட்டின் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது அந்தத் தெர்மோகோல் அடுக்குத்தான். அடி விழும்போது அது நசுங்கி, அந்த விசையைத் தான் வாங்கிக்கொள்கிறது; ஒருமுறை நசுங்கிய இடம் பழைய நிலைக்குத் திரும்பாது. பெட்டியைத் தூக்கி எறியும் கைகளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கன்வேயர் பெல்ட்டிலிருந்து விழும் இன்னொரு பெட்டிக்கும் தெரியாது. வெளியே பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பதால், சந்தேகத்தோடு தலையில் மாட்டிக்கொள்ள வேண்டிய நிலை வந்துவிடும். கையில் எடுத்துச் சென்றாலும் உள்ளே கடினமான எதையும் திணிக்காதீர்கள். தலையுறையான பாலகிளாவா, உள்ளாடை போன்ற மெல்லிய துணி மட்டும் போகலாம். கணுக்களில் டைட்டானியமோ கார்பனோ பதித்த பந்தயக் கையுறைகள்கூட உள்ளே போகக் கூடாது.

இந்திய உள்நாட்டு விமானங்களில் கேபின் பைக்குப் பொதுவாக 7 கிலோ எடையும், மூன்று அளவுகளையும் கூட்டினால் 115 சென்டிமீட்டரும் வரம்பாக இருக்கின்றன. 55, 35, 25 என்பது வழக்கமான பிரிப்பு. பின்புறம் ஸ்பாய்லர் நீண்டிருக்கும் பந்தய ஹெல்மெட் இந்த 25 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், ஆனால் நீளத்தில் நிறைய மிச்சம் இருக்கும். ஆகவே ஹெல்மெட்டைக் கடினமான டிராலிக்குள் அடக்கப் பார்க்காமல், அதற்கென்று வரும் மெத்துப் பையில் போட்டு அதையே உங்கள் கேபின் பையாகக் கொள்ளுங்கள். மடிக்கணினிப் பையைத் தனிப் பொருளாக எடுத்துச் செல்ல அநேகமாக எல்லா நிறுவனங்களும் அனுமதிப்பதால், ஆவணங்களும் மின்கலங்களும் அதில் போய்விடும். தூத்துக்குடி போன்ற ஊர்களிலிருந்து ஏடிஆர் என்னும் சிறிய விமானத்தில் சென்னை வந்து மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த விமானத்தில் தலைக்கு மேலுள்ள பெட்டி மிகச் சிறியது. வாசலிலேயே பையை வாங்கிக் கீழே அனுப்பப் பார்ப்பார்கள். முன் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன் என்று பணிவாகச் சொல்லி, ஹெல்மெட்டைத் திறந்து காட்டினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். முகத்தை மறைக்கும் கண்ணாடியான வைசர்கள் கூடுதலாக உங்களிடம் இருந்தால் அவை செக்-இன் பெட்டியில் போகலாம். ஒவ்வொன்றையும் மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, சூட்டின் முதுகுப் பகுதிக்கும் துணிகளுக்கும் இடையில் வையுங்கள்.

ஏர்பேக் உடை

விமான நிலையத்தில் உண்மையான சிக்கல் வருவது இங்கேதான். அதனால் இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். விழும்போது உள்ளிருக்கும் பை உப்பி உடம்பைக் காக்கும் ஏர்பேக் உடைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், உடையிலிருந்து ஒரு கயிறு வண்டியோடு இணைந்திருக்கும். ஓட்டுபவர் தூக்கி எறியப்படும்போது கயிறு இழுபட்டு, கார்பன் டை ஆக்சைடு குப்பி துளைக்கப்பட்டுப் பை உப்பும். மற்றதில் உணரிகளும் ஒரு சிறு கணினியும் விழுவதைக் கணித்து, பெரும்பாலும் ஆர்கான் வாயு அடைத்த குப்பியைத் திறக்கும். எக்ஸ்ரே திரையில் இரண்டுமே ஒன்றுதான்: உலோகக் குப்பி, அதைச் சுற்றி ஒயர்.

பயணிகள் எடுத்துச் செல்லும் அபாயகரமான பொருள்கள் குறித்துப் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா வெளியிடும் விதிகளில் இதற்குத் தெளிவான இடம் இருக்கிறது. உயிர்காப்புச் சட்டை போலத் தானாக உப்பும் பாதுகாப்பு உடையில் பொருத்தப்பட்ட, தீப்பற்றாத வாயு அடைத்த இரண்டு சிறு குப்பிகளையும், அவற்றுக்கு மாற்றாக இன்னும் இரண்டு குப்பிகளையும் எடுத்துச் செல்லலாம். கேபினிலும் கொண்டுபோகலாம், செக்-இன் பெட்டியிலும் வைக்கலாம். ஆனால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். கடைசி நிபந்தனையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். விதியில் இருக்கிறதே என்று வாதாடினால், அந்த விதியே அனுமதி கேட்கச் சொல்கிறது என்று அவர்கள் காட்டுவார்கள்.

எனவே டிக்கெட் எடுத்த மறுநாளே விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்கள் பெயர், பதிவு எண், விமான எண், தேதி, உடையின் தயாரிப்பாளர், மாதிரியின் பெயர், குப்பியில் உள்ள வாயு, அதன் ஐ.நா. எண் (கார்பன் டை ஆக்சைடுக்கு 1013, அழுத்தப்பட்ட ஆர்கானுக்கு 1006), குப்பியின் கொள்ளளவு, எத்தனை குப்பிகள், எந்தப் பையில் வைக்கப்போகிறீர்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். குப்பிக்கான பாதுகாப்புத் தரவுத் தாளையும், தயாரிப்பாளர் விமானப் பயணத்துக்கென்று கொடுக்கும் கடிதம் இருந்தால் அதையும் இணையுங்கள். சில மின்னணு மாதிரிகளில் குப்பியைத் திறப்பதற்கு ஒரு சிறு வெடிப்பொறி இருக்கிறது. உங்களுடையது அந்த வகையானால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், ஏனெனில் அதற்குத் தனி முடிவு தேவைப்படலாம். வரும் பதிலை அச்சிட்டு இரண்டு படிகள் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ஒருவர் சரியென்று சொன்னது அனுமதி ஆகாது.

வழியில் விமானம் மாறுவதானால் ஒவ்வொரு நிறுவனத்திடமும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். திரும்பும் பயணத்துக்கும் அப்படியே. ஒருமுறை போகும் வழிக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் திரும்பினேன். அவர்கள் உடையை விட்டார்கள், மாற்றுக் குப்பிகள் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் காட்டுவதற்குத் தாள் எதுவும் இல்லை என்பதால் எதுவும் பேச முடியவில்லை.

மூட்டை கட்டும்போது, கயிறு வகை உடையானால் கயிற்றை உடையின் உள்பைக்குள் சுருட்டி வைத்து, அது எதிலும் மாட்டி இழுபடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் குப்பியைத் திருகிக் கழற்றி, அதன் மூடியைப் போட்டு உடையோடு ஒரே பையில் வைப்பது இன்னும் நல்லது. மின்னணு வகையை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். மார்பு ஜிப்பை மூடினால் தானாக இயங்கத் தொடங்கும் மாதிரிகளில் ஜிப்பைத் திறந்தே வையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதை அணிந்துகொண்டு பாதுகாப்புச் சோதனைக்கோ விமானத்துக்குள்ளோ போகாதீர்கள்.

கோயம்புத்தூரில் ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். கேட்பதற்கு முன்பே உடையை எடுத்துத் தனித் தட்டில் விரித்து, கடிதத்தை அதன் மேல் வைத்தேன். திரையைப் பார்த்த பெண் அதிகாரி, “சார், இதுல சிலிண்டர் இருக்கா?” என்று கேட்டார். “ஆமாங்க மேடம், பைக் ரேஸ் ஜாக்கெட். விமானத்துல சீட்டுக்கு அடியில லைஃப் ஜாக்கெட் இருக்குமே, அதுல இருக்கிற மாதிரி சின்னக் குப்பி. ஏர்லைன் அனுமதி இதுல இருக்கு” என்றேன். அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். வந்தவர் தாளை இரண்டு முறை படித்தார், பதிவு எண்ணை என் போர்டிங் பாஸோடு ஒப்பிட்டார், குப்பியைக் கழற்றிக் காட்டச் சொன்னார். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்தப் பத்து நிமிடம் அவர்களுடைய கடமை. பதற்றப்படாமல் நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பேச்சில் ‘வெடிக்கும்’ என்ற சொல் வரவே கூடாது. ‘உப்பும்’ என்று சொன்னால் போதும், அதுதான் உண்மையும்கூட.

எந்தக் கடிதம் இருந்தாலும் கடைசி முடிவு பாதுகாப்பு அதிகாரியுடையது. அதனால் செக்-இன் கவுண்டரிலேயே உடையைக் காட்டி விடுங்கள். கேபினில் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், பெட்டியை ஒப்படைக்கும் முன்பே உடையை அதற்குள் மாற்றிவிடலாம். பெட்டி போன பிறகு சோதனையில் மறுக்கப்பட்டால் வழியில்லாமல் நிற்க வேண்டியிருக்கும். வழியனுப்ப வந்தவரை நீங்கள் சோதனை தாண்டும் வரை வெளியே காத்திருக்கச் சொல்வதும் பயன்படும்.

மின்கலங்கள்

ஹெல்மெட்டில் பொருத்தும் இன்டர்காம், ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி, கேமரா, லேப் டைமர் என்று எல்லாவற்றிலும் லித்தியம் மின்கலம் இருக்கிறது. 100 வாட் மணி வரை தனி அனுமதி வேண்டாம். 100 முதல் 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணியின் பையில் இடமில்லை. கணக்கு எளிது: மில்லி ஆம்பியர் மணியை ஆயிரத்தால் வகுத்து வோல்ட்டால் பெருக்குங்கள். 3.7 வோல்ட்டில் 2,600 மில்லி ஆம்பியர் மணி உள்ள மின்கலம் 9.62 வாட் மணி; 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க் 74 வாட் மணி. உதிரி மின்கலங்களும் பவர் பேங்கும் கேபினில் மட்டுமே வர வேண்டும்; முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிச் சிறு பையில் போடுங்கள். கருவிக்குள் இருக்கும் மின்கலம் செக்-இன் பெட்டியில் போகலாம் என்றாலும் கருவி முழுவதும் அணைந்திருக்க வேண்டும். தூக்க நிலையில் இருப்பது போதாது.

சூட், பூட், கையுறை

லெதர் சூட் ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ, பூட் 2 கிலோவுக்கு மேல். உள்நாட்டில் வழக்கமாகக் கிடைக்கும் 15 கிலோவில் இவற்றுக்கே பாதி போய்விடும் என்பதால், டிக்கெட் எடுக்கும்போதே கூடுதல் எடையை வாங்கிவிடுவது கவுண்டரில் வாங்குவதைவிட மலிவு. முட்டியில் உள்ள, தடத்தில் உரசுவதற்கான ஸ்லைடர்களைக் கழற்றித் தனிப் பையில் போடுங்கள்; இல்லையென்றால் அவற்றின் வெல்க்ரோ லெதரை உரசிக் கெடுக்கும். சூட்டை முதுகு மேலிருக்கும்படி விரித்து, கைகளை உள்நோக்கி மடித்து, கால்களை மேல்நோக்கி ஒரே ஒரு மடிப்பாகக் கொண்டுவாருங்கள். சூட்டின் முதுகில் புடைத்திருக்கும் மேடு எதன் கீழும் அழுந்தக் கூடாது. பூட்டுக்குள் காலுறைகளைத் திணித்து வடிவம் கெடாமல் வைத்து, அடிப்பகுதி சூட்டின் பக்கம் திரும்பாதபடி துணிப்பையில் போடுங்கள்.

கையுறையையும் உள்ளாடையையும் நான் கேபினில்தான் எடுத்துச் செல்கிறேன். பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தால், கூட வரும் நண்பரிடம் சூட்டை இரவல் வாங்க முடிந்தாலும் முடியும். விரலுக்குப் பழகாத கையுறையோடு பிரேக் பிடிப்பது ஆபத்து.

பெட்ரோல் வாடை எந்தப் பொருளிலும் இருக்கக் கூடாது. முந்தைய வாரம் எரிபொருள் சிந்திய பூட், எண்ணெய் துடைத்த துணி, கையுறையில் உலர்ந்த கறை ஆகியவை பெட்டியையே நிறுத்திவிடும். ஊருக்குப் புறப்படும் இரண்டு நாள் முன்பே எல்லாவற்றையும் துடைத்து நிழலில் காற்றாட விடுங்கள். செயின் ஸ்பிரே, பிரேக் கிளீனர், எரிபொருள் சேர்மானங்கள் எவற்றையும் கொண்டுவர வேண்டாம், அங்கே கிடைக்கும். வைசர் துடைக்கும் திரவம் பன்னாட்டுப் பயணத்தில் கேபினில் வர வேண்டுமானால் 100 மில்லிலிட்டருக்குள் இருக்கட்டும். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் செக்-இன் பெட்டிக்கே போக வேண்டும்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு

கார் பந்தயத்தின் தீத்தடுப்பு உடைகள் விமானத்தில் தொல்லை தருவதில்லை. தைத்துள்ள, கார் பந்தயத்தின் உலக அமைப்பான எஃப்ஐஏவின் 8856-2018 போன்ற தரச் சீட்டு உரியாமலும் மங்காமலும் இருந்தால் போதும், பந்தயத்துக்கு முன் நடக்கும் ஸ்க்ரூட்டினி சோதனையில் அதைத்தான் முதலில் தேடுவார்கள். கழுத்தைத் தாங்கும் ஹான்ஸ் சாதனத்தை ஹெல்மெட் பையின் வெளிப்பக்கம் கட்டிக் கையோடு கொண்டுவாருங்கள். அதன் பட்டைகள் முறுக்கேறாமல் இருக்கட்டும். இருக்கைப் பட்டைகளின் காலாவதி ஆண்டை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். தீயணைப்புக் குப்பியைப் பயணியின் பையில் எந்த வகையிலும் எடுத்துச் செல்ல முடியாது. காலியானதைக் கொண்டுபோகவும் முயலாதீர்கள். அது காரோடு சரக்காகப் போக வேண்டும், அல்லது போகும் ஊரில் ஏற்பாடாக வேண்டும்.

சுங்கம், இழப்பு, சேதம்

வெளிநாடு போவதானால், விலை உயர்ந்த ஹெல்மெட், சூட், ஏர்பேக் ஆகியவற்றின் தொடர் எண்களையும் வாங்கிய ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு சற்று முன்னதாக விமான நிலையம் வந்து, புறப்பாட்டுப் பகுதியில் உள்ள சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். திரும்பி வரும்போது இவை அங்கே வாங்கியவை அல்ல என்பதற்கு அதுவே ஆதாரம். பொருளை நேரில் காட்ட வேண்டும் என்பதால் பெட்டியை ஒப்படைக்கும் முன் இதைச் செய்தாக வேண்டும். அணியாக வண்டியும் உதிரிபாகங்களும் கொண்டுபோகிறவர்களுக்கு இது போதாது. அவர்கள் ஏடிஏ கார்னே என்னும் தற்காலிக இறக்குமதி ஆவணம் குறித்து, இந்தியாவில் அதை வழங்கும் ஃபிக்கி என்னும் தொழில் வணிகக் கூட்டமைப்பிடம் விசாரிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போனால் பூட்டின் அடியில் ஒட்டிய மண்ணைக்கூட அறிவிக்க வேண்டும். பழைய பல்துலக்கியால் அடிப்பகுதிப் பள்ளங்களைச் சுரண்டிக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

பெட்டி வராவிட்டாலோ உடைந்து வந்தாலோ, விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் நிறுவனத்தின் மேசையில் எழுத்தில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். பன்னாட்டுப் பயணங்களுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி சேதத்துக்கு 7 நாள்களுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாள்களுக்குள்ளும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டின் உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்புரிமை (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஏறத்தாழ 2,000 டாலர். நல்ல சூட்டும் ஏர்பேக்கும் சேர்ந்தால் இந்தத் தொகையைத் தாண்டிவிடும். அப்படியானால் செக்-இன் செய்யும்போதே மதிப்பைச் சிறப்பாக அறிவித்து, கேட்கும் கட்டணத்தைச் செலுத்துங்கள், அல்லது தனிக் காப்பீடு எடுங்கள். பெட்டியை மூடும் முன் உள்ளிருப்பதை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

திரும்பும் வழி

செப்பாங்கின் புழுக்கத்தில் ஒருநாள் ஓட்டினால் சூட்டின் உள்துணி பிழிந்தால் சொட்டும். அதை அப்படியே பெட்டிக்குள் அடைத்தால் சென்னை வந்து திறப்பதற்குள் வாடை ஏறிவிடும். இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பூத்துவிடும். இரவு விடுதி அறையில் அகலமான ஹேங்கரில் மாட்டி, எல்லா ஜிப்பையும் திறந்து, ஏசி காற்று படும்படி விடுங்கள். முடி உலர்த்தும் கருவியின் வெப்பத்தை லெதருக்குக் காட்டாதீர்கள். அது வறண்டு வெடிக்கும். ஓட்டும்போது கீழே விழுந்து ஹெல்மெட் அடிபட்டிருந்தால், அதை மட்டும் பெட்டியில் போடத் தயங்க வேண்டாம். இனி அது தலைக்குரியது அல்ல.

ஏர்பேக் உப்பியிருந்தால், காலியான குப்பியைக் கொண்டுவந்து சோதனையில் விளக்கிக்கொண்டு நிற்காமல் அங்கேயே உரியவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். உப்பாத குப்பியோடு வீடு திரும்பியவர்கள், கயிறு வகையானால், அதைக் கழற்றிக் கிராம் காட்டும் தராசில் வைத்துப் பாருங்கள். முழு எடை அதன் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைவிடக் குறைந்திருந்தால் வாயு கசிந்திருக்கிறது, குப்பியை மாற்றாமல் அந்த உடையை அணியக் கூடாது.